கரையை விட்டுப் போகும் தண்ணீர்

ஜூலை 3

அண்ணாவுக்கு,

போனை அணைத்து வைத்துவிட்டேன். ஆறுதல் சொல்கிறேன் என்று ஆளாளுக்கு உயிரை எடுக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன், நீயும் எழுது.

நடுக்கடலில் நின்றுபோன ஒரு படகின் இன்ஜினைச் சரிபார்க்கப் போனார் உன் மாப்பிள்ளை. இந்தப் படகிலிருந்து அந்தப் படகுக்குத் தாவும்போது தவறி விழுந்தார். அவ்வளவுதான் எல்லோருக்கும் தெரியும். தேடப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். "எப்படியும் கரையில ஒதுங்கிடும்மா" என்கிறார்கள். தினமும் கரையில் நடக்கிறேன். செருப்பும் பாட்டிலும்தான் ஒதுங்குகின்றன.

உயிரோடு வேண்டும் என்று கேட்கவில்லை. முகத்தை ஒருதரம் பார்க்க வேண்டும். "உங்கப்பா இங்கதான் இருக்கார்" என்று குட்டிக்குக் காட்ட ஓர் இடம் வேண்டும். கடல் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதுதானே உன் உத்தியோகம்? நான் எங்கே போய் நிற்கட்டும், சொல்.

உன் வாயாடி


ஜூலை 8

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்து அண்ணி அழுதாள். நான் வரைபடத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். என் சுபாவம் உனக்குத் தெரியும்.

அங்கே கரையோரத் தண்ணீர் வெயிலிலும் ஜில்லென்று இருக்குமே, கவனித்தாயா? இந்த மாதங்களில் காற்று கரையை ஒட்டியே நீளமாக அடிக்கிறது. பூமி சுழல்வதால் மேல்தண்ணீர் காற்றோடு நேராகப் போகாமல், பக்கவாட்டில் விலகிக் கரையை விட்டு வெளியே போகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறி வருகிறது. அதில் சத்து அதிகம், மீன் கூட்டம் கூட்டமாக வரும். ஆனால் மேலே மிதப்பது எதுவும் கரைக்கு வராது. காற்று திரும்பும்வரை இப்படித்தான்.

நீ எங்கேயும் போய் நிற்காதே அம்மா. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன் அண்ணன்


ஜூலை 13

அண்ணாவுக்கு,

நல்ல பாடம் நடத்தினாய். பூமி சுழல்கிறதாம். சுழலட்டும், எனக்கென்ன வந்தது?

மீன் வரும் என்றாயே, வந்து கொட்டுகிறது. எங்கள் ஐஸ் ஃபேக்டரியில் மூச்சு விட நேரமில்லை. பெரிய ஐஸ் கட்டிகளை அரவை மிஷினில் தள்ளித் தள்ளிக் கை மரத்துப்போகிறது. "இப்படி ஒரு சீசனைப் பார்த்ததே இல்லக்கா!" என்று கூட வேலை செய்கிறவள் சிரிக்கிறாள். என் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொள்கிறாள். பாவம், அவள் என்ன செய்வாள்? எனக்குத்தான் வயிறு எரிகிறது.

நீ புத்தகத்தில் இருப்பதை எழுதினாய். தண்ணீரின் போக்கைப் பார்க்க மிதவை விடுவீர்களே, அதில் ஒன்றை அவர் விழுந்த இடத்தில் விடு. அது போகிற வழியில்தானே அவரும் போயிருப்பார்? கூடப் பிறந்ததற்கு இதையாவது செய்.

வாயாடி


ஜூலை 27

தங்கச்சி,

மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் விட்டேன். காற்று தள்ளாமல் தண்ணீரே இழுத்துப் போவதற்காக அடியில் துணி கட்டிய மிதவை. எங்கே இருக்கிறேன் என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டே போகும். நான் எழுதியபடியே அது வெளியே, வெளியே என்று போய்க்கொண்டிருந்தது. உனக்கு எழுத மனம் வரவில்லை.

இன்று திரும்பிவிட்டது! உன் துறைமுகத்தைப் பார்த்து வருகிறது. தபாலை நம்பாமல் எங்கள் வண்டி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். காலையில் போய் நில். நான் சொன்னதெல்லாம் தப்பு. தப்பாகவே இருக்கட்டும்!

அண்ணன்


ஜூலை 30

அண்ணாவுக்கு,

உன் மிதவை வந்தது. ஒரு விசைப்படகில், மீன் குவியலுக்குப் பக்கத்தில் இருந்தது. வலையில் மாட்டியதாம். "பார்க்க நல்லா இருந்துச்சு, தூக்கிட்டு வந்தேன்" என்றார் படகுக்காரர்.

உன் கடிதத்தைப் பார்த்ததும் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. மிதவை திரும்பினால் மனுஷனும் நடந்து வருவார் என்று நினைத்துவிட்டேன். குட்டிக்குத் தலைவாரி, நல்ல சட்டை போட்டு, "அப்பா வர்றார்" என்று கூட்டிப்போனேன். அவள் நேராகப் படகுக்காரரிடம் போய், "எங்கப்பாவை எங்க இறக்கிவிட்டீங்க?" என்று கேட்டாள்.

அந்த மனுஷன் என்னைப் பார்த்தார். நான் குட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இனி எனக்கு எழுதாதே. காற்று திரும்பினாலும் எழுதாதே.


அக்டோபர் 21

தங்கச்சி,

நீ வேண்டாம் என்ற பிறகும் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. காற்று திரும்பிவிட்டது. அதற்காக எழுதவில்லை. இனிக் கரைக்கு வருவதற்குக் கடலில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

அந்த மிதவை திரும்பிய வேகத்தில் எந்தத் தண்ணீரும் ஓடாது. ஏதோ படகு தூக்கிவிட்டது என்று எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவன்கூடச் சொல்லியிருப்பான். எனக்கும் தெரிந்தது. தெரிந்தும், இந்த ஒரு தடவை தண்ணீர் அப்படி ஓடட்டும் என்று நினைத்துக்கொண்டு டிரைவரைத் தேடி ஓடினேன். எனக்கும் அவர் வேண்டும்தானே?

என்னைத் திட்டியாவது நாலு வரி எழுது. குட்டி இப்போதும் கேட்கிறாளா?

அண்ணன்