கடல்நாய்க் கிண்ணத்தில் ஒரு சீனிப் பக்கற்

அக்கா,

பக்கத்து வீட்டுப் பெண் இன்று பின்னேரம் என் சட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து தந்தாள். ஞாயிற்றுக்கிழமை புரியாணி போட்டுக் கொடுத்த சட்டி. பளிச்சென்று கழுவித் துடைத்திருந்தாள், உள்ளே ஒன்றும் இல்லை. அவளுக்கு நம் வழக்கம் தெரியாது, குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த வெறும் சட்டியைக் கையில் வாங்கியதும் உங்கள் முகம்தான் வந்து நின்றது.

யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்த அடுத்த வருடம் இந்தக் குளிர் நாட்டில் நாமிருவரும் அந்த மியூசியத்தில் துப்புரவு வேலை செய்தோம். உங்கள் கணவரும் மகனும் கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்துக் கிடந்தார்கள். அவர்களைக் கூப்பிடுவதற்குப் போட்ட ஸ்பொன்சர் விண்ணப்பம் உங்கள் வேலைக் கடிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. குளிரில் காய்ச்சலோடும் வேலைக்கு வருவீர்கள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் யூப்பிக் பழங்குடி மக்களின் விருந்துக் கிண்ணங்கள் அங்கே இருந்தன, அலாஸ்காவிலிருந்து இரவலாக வந்தவை. அவர்களின் கரையோரத்தில் மரம் வளராதாம், ஆறு அடித்து வரும் கட்டைகளில்தான் செதுக்குவார்களாம். உங்களுக்குப் பிடித்தது கடல்நாய் வடிவில் செதுக்கிய கிண்ணம். ஒரு பக்கம் தலை, மறுபக்கம் வால், முதுகைக் குடைந்து உணவு வைக்கும் குழி. எண்ணெய் ஊறி ஊறி மரம் கறுத்திருந்தது. கண்ணாடியைத் துடைக்கும்போதெல்லாம், "இவர் இண்டைக்கும் பட்டினிதான்" என்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரும்.

கண்காட்சி முடிந்து, கிண்ணங்கள் பொதி செய்யும் மேசைக்கு வந்தன. மறுநாள் காலை கடல்நாயின் முதுகுக் குழிக்குள் ஒரு சீனிப் பக்கற் கிடந்தது. நாம் தேநீர் குடிக்கும் அறையில் வைத்திருக்கும் அதே சின்னக் கடதாசிப் பக்கற். துப்புரவு செய்பவர்கள் அந்தப் பொருள்களை விரலாலும் தொடக்கூடாது என்பது முதல் நாளே சொன்ன சட்டம். மியூசியத்துப் பொறுப்பாளர், நம் கொம்பனி சுப்பர்வைசர், கிண்ணங்களைக் கூட்டிப்போக வந்திருந்த யூப்பிக் பெண் ஆகிய மூவரும் நிற்க, நம்மைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

உங்களுக்கு ஆங்கிலம் போதாது. நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். நீங்கள் என் பக்கம் திரும்பி, "நான்தான் வச்சனான். இரவல் ஏனத்தை வெறுமையாத் திருப்பிக் குடுக்கப்படாது எண்டு சொல்லு" என்றீர்கள். வேலை போனால் கடிதம் போகும், கடிதம் போனால் லொட்ஜில் இருப்பவர்களின் கதை என்ன? சுப்பர்வைசரைப் பார்த்து, "அவவின் பொக்கற்றிலிருந்து தவறி விழுந்துவிட்டதாம், மன்னிப்புக் கேட்கிறா" என்று சொல்லிவிட்டேன். அவரும் நிம்மதியாகத் தலையாட்டினார்.

அதோடு முடிந்திருக்கும். நீங்கள் விட்டால்தானே! "அக்சிடென்ற்" என்று நான் ஆங்கிலத்தில் சொன்ன சொல் உங்களுக்கு விளங்கிவிட்டது.

"ஏன்டி மாத்திச் சொன்னனீ? நான் பிழையா ஒண்டும் செய்யேல்லை. மரியாதை செய்தனான்." பிறகு அவர்களைப் பார்த்து, "நோ அக்சிடென்ற். ஐ புட்" என்று நெஞ்சில் கையை வைத்துச் சொன்னீர்கள்.

அந்த யூப்பிக் பெண் என்னிடம் ஏன் என்று கேட்டார். இந்த முறை நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னேன். விருந்துக்கு வந்தவரைத் தாங்களும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை என்றார் அவர். குழிக்குள் கிடந்த பக்கற்றை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்து உங்கள் முகம் மலர்ந்ததே, அது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆனாலும் சட்டம் சட்டம்தான். வேலையை விட்டு நிறுத்தவில்லை, தொலைவில் ஒஷாவாவில் கொம்பனி துப்புரவு செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு மாற்றினார்கள். விடியமுன் எழும்பி இரண்டு பஸ் மாறிப் போனீர்கள், ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. கணவரும் மகனும் வந்து இறங்கியபோது என்னை விமான நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள். எனக்குத்தான் உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. என் பொய் உங்களைக் காப்பாற்றத்தான் என்று நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால், பயந்தது நான். அந்த வெட்கத்தில்தான் மொழிபெயர்ப்பாளர் வகுப்பில் சேர்ந்தேன்.

போன மாசி மாதம் ஆஸ்பத்திரியில் டொக்டர் உங்கள் கட்டிலருகே வந்து நின்றார். உங்கள் மகன் என் காதுக்குள், "அன்ரி, அம்மாவுக்குக் கொஞ்சம் குறைச்சுச் சொல்லுங்கோ" என்றான். நீங்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். டொக்டர் சொன்னதில் ஒரு சொல்லையும் குறைக்கவில்லை, அக்கா. இனி மூன்று கிழமைதான் உயிரோடு இருப்பீர்கள் என்றார், மூன்று கிழமை என்றேன்.

"ஓம், விளங்குது" என்றீர்கள். எல்லோரையும் வெளியே அனுப்பி, கணவரை மட்டும் பக்கத்தில் இருக்கச் சொல்லி, கதவைச் சாத்தச் சொன்னீர்கள்.

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் உங்கள் மகன் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவன் கோபம் நியாயம்தான், இருக்கட்டும். நாளை காலை அகதி விசாரணையில் ஒரு தாய்க்கு மொழிபெயர்ப்பாளராக நான் குரல் கொடுக்க வேண்டும். அவள் சொல்லப்போவதில் சிலது அவளுக்கே பாதகமாக முடியலாம். என் குரல் நடுங்கும், எனக்குத் தெரியும். நடுங்கினாலும், அவள் சொன்னதைத்தான் சொல்வேன்.