மாப்பிள்ளையின் அம்புக்குறிகள்

மார்ச் 3, செவ்வாய்

முதலாண்டு வகுப்பு. மின்னோட்டம் பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்குப் போகிறது என்று இருபத்தாறாவது ஆண்டாகப் பலகையில் அம்புக்குறி போட்டேன். முன்வரிசைப் பெண் எழுந்தாள். “சார், எலெக்ட்ரான் மைனஸ்லருந்துதானே கிளம்புது? அப்ப அம்பு ஏன் எதிர்ப்பக்கம் போகுது?”

எலெக்ட்ரான் தெரியவருவதற்கு முன்பே பெரியவர்கள் திசையை முடிவு செய்துவிட்டார்கள். பிறகு மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை என்றேன். எந்த வழக்கமானாலும் சரி, வரைகிறவரும் படிக்கிறவரும் ஒன்றையே பின்பற்றினால் போதும்.

“எங்க வீட்லயும் இப்படித்தான் சார்” என்று உட்கார்ந்தாள்.

மார்ச் 4

தங்கை போன் செய்தாள். பதினைந்தாம் தேதி மகள் ஊருக்கே குடிபோகிறார்களாம். “அவர் உன் வாசப்படி மிதிக்க மாட்டாராம்ணா. நீயும் இங்க வர மாட்டே. இனிமே எங்க பாத்துக்கப் போறீங்க?”

அவள் கணவரும் நானும் பேசிப் பத்தொன்பது வருடம்.

மார்ச் 6

மாப்பிள்ளை ஆவதற்கு முன் அவர் என் கூட்டாளி. கல்லூரி விட்டதும் மாலையில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை. இரண்டு ஸ்டூல், ஒரே சால்டரிங் அயர்ன். ஒருவர் பற்றவைக்கும்போது மற்றவர் பாட வேண்டும். அவர் பாடினால் என் வேலை சீக்கிரம் முடியும், முடித்தால்தான் நிறுத்துவார். இன்றும் ஆய்வகத்தில் ஈயம் உருகும் வாசனை வந்தால் பக்கத்து ஸ்டூலைத் திரும்பிப் பார்க்கிறேன்.

பள்ளிக்கூடம் ஒன்றுக்கு ஒலிபெருக்கி செய்தோம். சர்க்யூட் படம் அவருடையது, பாகங்களைப் பொருத்தியது நான். ஆண்டு விழாவில் தலைமையாசிரியர் “அன்பார்ந்த” என்றதும் கெப்பாசிட்டர் வெடித்தது. மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு தலைகீழ். “உங்க அம்புப்படிதான் போட்டேன். பிளஸ் மைனஸ் தெரியாத ஆளோட கடை வெச்சேன் பாரு” என்றேன். மைக் செத்திருந்தும் கடைசி வரிசைவரை கேட்டது.

மார்ச் 7

பரணில் பழைய கடை நோட்டு. அவர் வரைந்த பதினேழு படங்கள். டையோடுக்குச் சின்னம் போட மாட்டார். ஒரு கட்டம், அதன்மேல் ஓர் அம்பு. அத்தனையிலும் அம்பு மைனஸிலிருந்து பிளஸ்ஸுக்கு. தப்பு செய்கிறவர் இவ்வளவு ஒழுங்காகவா செய்வார்?

கப்பலின் ரேடியோ அறையில் தொழில் கற்றவர். அங்கே சொல்லிக்கொடுத்தபடி எலெக்ட்ரான் போகும் வழியை வரைந்திருக்கிறார். நான் பாடப்புத்தக வழக்கப்படி படித்திருக்கிறேன். மற்ற பதினாறையும் அவரே பொருத்தினார். எதுவும் வெடிக்கவில்லை.

மார்ச் 8

போகணும். போய் என்னன்னு சொல்றது?

மார்ச் 11

போகவில்லை. திருத்த விடைத்தாள் இருந்தது.

விடைத்தாள் இல்லை.

மார்ச் 13

போனேன். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. நோட்டை நீட்டினேன். “உங்க படம் சரி மாப்பிள்ளை. தப்பாப் படிச்சவன் நான்.”

பதினேழு பக்கமும் புரட்டினார். “இதைக் கண்டுபிடிக்கப் பத்தொன்பது வருஷமா மச்சான்?”

“ஒரு நாள்தான். மிச்ச நாளெல்லாம் தேடவே இல்ல.”

நோட்டை மூடி வைத்தார். பிறகு பெட்டியின் மூடியைக் காட்டினார். “சும்மா நிக்காம இதை அமுக்கிப் பிடிங்க.”

பிடித்தேன். பதினொரு பெட்டிகள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

மாப்பிள்ளை கூப்பிட்டார். புது வீட்டில் அழைப்புமணி அடிக்கவில்லையாம். பிளஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டு வரச் சொன்னேன். மைனஸிலிருந்துதான் பார்ப்பேன் என்றார். ஐம்பது நிமிடம்.

தங்கை போனைப் பிடுங்கினாள். “அண்ணா, நீங்க ரெண்டு பேரும் பேசாமயே இருந்திருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் அரை மணி நேரமா வெளிய நின்னு கதவைத் தட்டிட்டிருக்கார்!”