ஏழாம் பக்கத்தைப் படித்தீர்களா?

ஹமாமட்சு, ஜப்பான்
14.7.1991

அன்புள்ள சகாயமேரிக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வந்து மூன்று வாரம் ஆகிறது, இந்தப் பாஷை மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது. பாடியில் நம்ம கம்பெனி வகுப்பு எடுத்தபோது கேஸட்டில் ஒரு அம்மா நிறுத்தி நிதானமாகப் பேசினாளே, அப்படி இங்கே ஒருத்தரும் பேசுவதில்லை. யார் எது கேட்டாலும் 'ஹாய்' (ஆமாம்) என்று தலையாட்டி வைக்கிறேன். அடுத்த வாரம் முடிவெட்டப் போகவேண்டும். 'கொஞ்சமாக வெட்டுங்கள்' என்று எப்படிச் சொல்வது? உடனே எழுது.

இதைவிடப் பெரிய தலைவலி ஒன்று இருக்கிறது. பயிற்சிக்கு வந்த ஐந்து பேரும் தினம் ஒரு பக்கம் ஜப்பானிய பாஷையில் நாட்குறிப்பு எழுதித் தரவேண்டும். எங்களுக்குப் பொறுப்பாளர் மொரிதா-சான் என்று ஒரு பெரியவர். (சான் என்பது நம்ம ஊர் சார் மாதிரி.) அவர் சிவப்பு மையில் திருத்தித் தருவார். நவம்பர் கடைசியில் பரீட்சை. தேறினால் மார்ச் வரை இருந்து லைன் இன்சார்ஜ் பயிற்சி. தேறாவிட்டால் டிசம்பரிலேயே மூட்டை கட்டி அனுப்பிவிடுவார்கள். பழையபடி பிரஸ் மிஷின் முன்னால் நிற்கவேண்டியதுதான்.

உனக்குத்தான் இது நன்றாக வருமே. பத்துப் பத்துப் பக்கமாக எழுதி அனுப்பு. நான் பார்த்து எழுதிக் கொடுத்துவிடுகிறேன். இந்த உதவியை மட்டும் செய்.

உன்
பாஸ்கல்

*

சேசு மரி சூசை துணை

கள்ளிக்குப்பம், அம்பத்தூர்
27.7.1991

பிரியமுள்ள அத்தானுக்கு மேரி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நான் சுகம். உங்கள் கடிதம் கிடைத்தது. அதில் என்னைப் பற்றி எத்தனை வரி என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்றுதான், அதுவும் நம்பிக்கையாம்.

முடிவெட்டும் இடத்தில் 'சுகோஷி டகே' என்று சொல்லுங்கள். கொஞ்சம் மட்டும் என்று அர்த்தம். விரலால் அளவும் காட்டுங்கள். வகுப்புக்குப் போன நீங்கள் ஓவர்டைம் அலுப்பில் வீட்டில் கேஸட் ஓடும்போதே குறட்டை விட்டீர்கள். அடுப்படியில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்த நான் உங்கள் நோட்டை எடுத்துப் படித்தேன். அதற்கு இப்படி ஒரு கூலி வரும் என்று நினைக்கவில்லை.

பத்துப் பக்கம் இத்துடன் இருக்கிறது. நீங்கள் அங்கே என்ன செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாததால் இங்கே நடப்பதைத்தான் உங்களுக்கு நடந்ததாக எழுதியிருக்கிறேன். நான்காம் பக்கத்தில் 'மனைவியின் நினைவாக இருக்கிறது' என்று ஒரு வரி வரும். அதை அடித்துவிடாதீர்கள்.

இன்னொரு விஷயம். நாலைந்து நாளாகக் காலையில் எழுந்தாலே குமட்டுகிறது. காபி வாசனை ஆகவில்லை. இன்னும் ஒரு வாரம் பார்த்துவிட்டு நிச்சயமாக எழுதுகிறேன். அதுவரை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
மேரி

*

ஹமாமட்சு
11.8.1991

அன்புள்ள மேரிக்கு,

உன் கடிதம் வருவதற்குள் தலை போய்விட்டது. கடைக்காரர் ஏதோ கேட்டார், வழக்கம்போல 'ஹாய்' என்றேன், மொட்டையடிக்காத குறையாக வழித்துவிட்டார். கூடப் பயிற்சிக்கு வந்த உத்தமன் ரூமுக்குள் வந்ததும் வராததுமாக, "இன்னா மாமே, வேளாங்கண்ணிக்கு நேந்துக்கினியா?" என்கிறான். எரிச்சலாக இருக்கிறது. குப்பையைக்கூட இங்கே இஷ்டத்துக்குப் போடமுடியாது. எரிகிறது, எரியாதது என்று பிரித்துக் கட்டி, அதற்கென்று உள்ள கிழமையில்தான் வைக்கவேண்டும். நான் கிழமை மாற்றி வைத்துவிட்டேன். எதிர்வீட்டு அம்மா கையோடு திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் என்னமோ சொன்னாள். அதற்கும் 'ஹாய்'தான்.

நாட்குறிப்பு நன்றாக இருக்கிறதாம். ஆனால் இங்கே வெயில் கொளுத்துகிற நாளில் நீ 'இன்று பெருமழை, தெருவில் முழங்கால் தண்ணீர்' என்று எழுதியிருக்கிறாய் போல. மொரிதா-சான் நோட்டையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். இனிமேல் மழை வெயில் எதுவும் எழுதாதே. அந்த மனைவி வரியும் வேண்டாம். வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் ஒருத்தர் நோட்டை எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள். என்னுடையதை வாசித்ததும் கேண்டீன் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மானம் போகிறது.

குமட்டலுக்குப் பித்தம்தான் காரணமாக இருக்கும். சுக்குக் கஷாயம் வைத்துக் குடி. அடுத்த பக்கங்களைச் சீக்கிரம் அனுப்பு. கையில் மூன்றுதான் மிச்சம்.

பாஸ்கல்

*

சேசு மரி சூசை துணை

கள்ளிக்குப்பம்
12.9.1991

அத்தானுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். பத்துப் பக்கம் வைத்திருக்கிறேன். மழை, வெயில் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். ஏழாம் பக்கத்தை மட்டும் அகராதியை வைத்துக்கொண்டு நீங்களே படியுங்கள். புரிந்த பிறகு எழுதிக் கொடுங்கள். எளிமையான வார்த்தைகள்தான் போட்டிருக்கிறேன். அரை மணி நேரம்கூட ஆகாது.

மேரி

*

ஹமாமட்சு
6.10.1991

அன்புள்ள மேரிக்கு,

உனக்கு ஒரு நல்ல செய்தி. உன் புண்ணியத்தில் எனக்கு இங்கே மரியாதை ஏறிவிட்டது!

போன வாரம் மொரிதா-சான் வேலை நேரத்தில் என் மிஷின் பக்கம் வந்தார். மிஷினை நிறுத்தச் சொன்னார். இங்கே மிஷினை நிறுத்துவது என்றால் சாதாரண விஷயம் இல்லை. குனிந்து வணங்கி என்னமோ மெதுவாகச் சொன்னார். நடுவில் 'ஒக்சான்' என்ற வார்த்தை வந்தது. மனைவி என்று அது ஒன்று எனக்குத் தெரியும். உன்னை விசாரிக்கிறார் என்று புரிந்துகொண்டு, சிரித்த முகமாக 'கெங்கி, கெங்கி' என்றேன். சுகமாக இருக்கிறாள் என்று சொல்வதற்கு அதுதானே? அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியது போல இருந்தது. வயசானவர்.

சாயங்காலம் கேண்டீன் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு முலாம்பழம் கொண்டுவந்து கொடுத்தார்கள். மரப்பெட்டியில் வைத்து ரிப்பன் கட்டி, ஏதோ நகை மாதிரி. இங்கே அது லேசில் வாங்குகிற பழம் இல்லையாம். நோட்டு நன்றாக எழுதியதற்குப் பரிசு என்று நினைக்கிறேன். ரூமில் ஐந்து பேரும் வெட்டிச் சாப்பிட்டோம். அப்படி ஒரு இனிப்பு.

ஏழாம் பக்கம் படிக்க நேரம் இல்லை, கோபித்துக்கொள்ளாதே. அப்படியே பார்த்து எழுதிவிட்டேன். நீ அனுப்பியது தீர்ந்த நாட்களில் பழைய பக்கங்களையே மாற்றி மாற்றி எழுதி ஓட்டுகிறேன். பரீட்சைக்கு இன்னும் ஏழு வாரம்தான். அதற்கு வேண்டிய கேள்வி பதிலையும் எழுதி அனுப்பு.

பாஸ்கல்

*

கள்ளிக்குப்பம்
19.10.1991

அத்தானுக்கு,

பழம் இனிப்பாக இருந்ததில் சந்தோஷம்.

ஏழாம் பக்கத்தில் இருப்பதை நானே தமிழில் எழுதிவிடுகிறேன். 'என் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள். வயிற்றில் மூன்று மாதம். குழந்தை தங்கவில்லை. அவள் தனியாக இருந்தாள். நான் இங்கே இருக்கிறேன்.' அவ்வளவுதான், ஐந்து வரி. அதைத்தான் உங்கள் கையால் எழுதிக் கொடுத்தீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் அந்தப் பெரியவர் மிஷினை நிறுத்தினார். அந்த ஊரில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் பார்க்கப் போகிறவர்கள் அப்படிப் பழம் கட்டிக் கொடுப்பது வழக்கம். உங்கள் பாடப்புத்தகத்தில் பதினெட்டாம் பாடத்தில் இருக்கிறது. அது எனக்கு வந்த பழம்.

செப்டம்பர் நாலாம் தேதி மத்தியானம். தண்ணீர்க் குடத்தை இறக்கும்போதே வலி கண்டுவிட்டது. நல்லவேளை, பக்கத்து வீட்டுச் சாமுண்டீஸ்வரி எட்டிப் பார்த்தாள். "இன்னாமே இது, இப்டி சுருண்டுகினு கீறே, ஒரு கொரலு குடுக்கக் கூடாதா?" என்று திட்டிக்கொண்டே ஆட்டோ பிடித்தாள். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் மூன்று நாள் இருந்தேன். மூன்று நாளும் அவள்தான் கஞ்சி கொண்டுவந்தாள்.

"ஊட்டுக்காரருக்கு ஒரு தந்தி குடுத்துடலாம்மே," என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். தந்தி கிடைத்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவீர்களோ என்று ஒரு பயம். வராமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பெரிய பயம்.

ஏன் தமிழில் எழுதவில்லை என்று கேட்பீர்கள். தமிழில் எழுதினேனே, பித்தம் என்றீர்கள். என் கடிதத்தைத்தான் மேய்ந்துவிட்டுப் போகிறீர்கள், நாட்குறிப்பையாவது எழுத்து எழுத்தாகப் பார்த்துத்தானே எழுதவேண்டும், அதில் வைத்தால் கண்ணில் படும் என்று நினைத்தேன். கோபத்தில் செய்ததுதான். இல்லை என்று சொல்லமாட்டேன்.

கேள்வி பதில் அனுப்பவில்லை. இனி எதுவும் அனுப்பப் போவதில்லை.

சகாயமேரி

*

ஹமாமட்சு
5.11.1991

மேரி,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. வேலைக்குப் போகாமல் அகராதியோடு உட்கார்ந்து ஏழாம் பக்கத்தை ஒவ்வொரு வார்த்தையாகத் தேடினேன். நீ தமிழில் சொன்ன பிறகும் தேடினேன். அரை மணி ஆகாது என்று எழுதியிருந்தாய். எனக்கு ஒரு பகல் முழுக்க ஆனது.

மற்ற எல்லாப் பக்கத்திலும் மொரிதா-சானின் சிவப்பு மை இருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஒரு திருத்தம்கூட இல்லை. அடியில் மட்டும் சின்னதாக ஒரு வரி எழுதியிருந்தார். அதையும் தேடிப் பார்த்தேன். 'இதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.' ஒரு மாதமாக அது என் பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

மறுநாள் நானே ஒரு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அதில் இருப்பது இதுதான். 'நேற்று வரை எழுதியது என் மனைவி. எனக்கு எழுதத் தெரியாது. மனைவிக்கு வலித்தது. நான் பழம் சாப்பிட்டேன்.' இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. அவர் படித்துவிட்டு எதிர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். எனக்காக நிறுத்தி நிறுத்திப் பேசினார். இத்தனை நாள் நோட்டில் தன்னோடு பேசியது யாரோ ஒரு பெண் என்று அவருக்கு ஆகஸ்டிலிருந்தே சந்தேகமாம். ஆனாலும் கம்பெனி விதி விதிதான் என்றார். என்னைப் பரீட்சைக்கு உட்காரவிடமாட்டார்கள். டிசம்பர் பத்தாம் தேதி புறப்படுகிறேன். இன்சார்ஜ் வேலை இல்லை. உத்தமன், "எதுக்கு மாமே நீயே போய் மாட்டிக்கினே? இன்னும் மூணே வாரம்தானே," என்று தலையில் அடித்துக்கொண்டான். அவனுக்கு என்ன சொல்வது?

குழந்தையைப் பற்றி எழுத நாலு முறை உட்கார்ந்தேன். வரவில்லை, மேரி. தமிழிலும் வரவில்லை. நான் ஒரு முட்டாள். நீ குடத்தோடு விழுந்து கிடந்தபோது நான் இங்கே குப்பைக்குக் கிழமை பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை. பதில் போடு. திட்டியாவது போடு.

பாஸ்கல்

*

சேசு மரி சூசை துணை

கள்ளிக்குப்பம்
18.11.1991

அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. திட்டித் திட்டி ஒரு கடிதம் எழுதினேன், பிறகு கிழித்துவிட்டேன். சாமுண்டீஸ்வரி அதற்கும் என்னைத்தான் ஏசினாள். "நல்லா நாலு வார்த்த கேட்டு எழுதினியே, அத்தப் போயி ஏம்மே கிழிச்சே?" என்று.

இன்சார்ஜ் வேலை போனது எனக்கு வருத்தம்தான். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று பொய் சொல்லமாட்டேன். அந்த வேலைக்காக எத்தனை நாள் அடுப்பைப் பார்க்காமல் உங்கள் நோட்டைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நீங்கள் எழுதின அந்த நாலு வரி, நான் எழுதித் தந்த இருபது பக்கத்திலும் இல்லாதது.

நீங்கள் வந்து இறங்கும்போது மீனம்பாக்கத்துக்கு நான் வரவில்லை. அவ்வளவு பேர் நடுவில் உங்களைப் பார்த்து அழவும் பிடிக்காது, சிரிக்கவும் வராது. நீங்கள் சென்ட்ரலுக்கு வந்து ரயில் பிடித்து வாருங்கள். வீட்டில்தான் இருப்பேன். சாமான், ரேடியோ எதுவும் வாங்கிக்கொண்டு நிற்காதீர்கள்.

வந்ததும் சட்டையைக்கூட மாற்றவேண்டாம். என் எதிரில் உட்கார்ந்து, 'அன்றைக்கு என்ன ஆச்சு?' என்று கேளுங்கள். முதலிலிருந்து சொல்கிறேன். தெரியாத வார்த்தை ஒன்றும் வராது, எல்லாம் நம்ம தமிழ்தான். நடுவில் தலையாட்டாமல் கேளுங்கள்.

மேரி