ஆறின மாக்னெட்டோவில் விழுந்த பொறி

இன்று காலை சூரமங்கலம் தபாலாபீசில் ஒரு பார்சலுக்கு அரக்கை உருக்கி முத்திரை வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும், வாங்கப் போன கார்டை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன். உங்கள் பட்டறை வாடை அது. மாக்னெட்டோச் சுருளுக்கு அரக்குப் பூசிக் காயவைக்கும்போது தெரு முழுக்க அடிக்குமே, அதே வாடை. நீங்கள் போய்ச் சேர்ந்து சில மாதமாகிறது. காரியத்துக்கு நான் வரவில்லை. வராததில் வருத்தமும் இல்லை.

செத்தவரை 'நீ' என்று எழுதக் கை வரவில்லை. அதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாமகிரிப்பேட்டையில் அக்காவின் புருஷன் கார் வாங்கியபோது, ஓட்டுவதற்கு என்னைத்தான் வைத்தார் மச்சான். எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் மாக்னெட்டோவை உங்களிடம் கொண்டுவந்ததும் நான்தான். சூடேறினால் வண்டி நின்றுவிடுகிறது, ஆறினால் கிளம்புகிறது என்று வாய் வலிக்கச் சொன்னேன். நீங்கள் அதைப் பலகையில் பூட்டிக் கையால் சுற்றினீர்கள். நீலப் பொறி சடசடவென்று தாவியது.

"நல்லாத்தான் இருக்குது சாமி, எடுத்துட்டுப் போ" என்றீர்கள். "கொஞ்சம் சூடு காட்டிப் பாருங்களேண்ணா" என்றதற்கு, "இதென்ன தோசைக்கல்லா?" என்று சிரித்தீர்கள்.

அடுத்த வாரம் அக்காவுக்கு வலி எடுத்தது. மருத்துவச்சி கைவிரித்துவிட்டதால் சேலம் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். உச்சி வெயில். ராசிபுரம் தாண்டியதும் வண்டி நின்றது. ஆறவிட்டுக் கிளப்பினேன். மல்லூரில் மறுபடி நின்றது. பின்சீட்டில் அக்கா என் பெயரைச் சொல்லித்தான் கத்தினாள். ஆஸ்பத்திரியில் பிள்ளையை எடுத்துக் கொடுத்தார்கள். அக்காவைக் கொடுக்கவில்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டரம்மா சொன்னது மச்சான் காதில் விழுந்தது.

கருமாதி முடிந்ததும் மச்சான் மாக்னெட்டோவைக் கழற்றச் சொல்லி, என்னையும் கூட்டிக்கொண்டு உங்களிடம் வந்தார். "ஏனுங்க, கோளாறு இதுலயா, இவன்கிட்டயா? சொல்லுங்க." ஆறிக் கிடந்ததை மறுபடியும் பலகையில் பூட்டினீர்கள். பொறி துள்ளி விழுந்தது. "நீங்களே பாருங்க. டின் பெட்ரோலத் தோல்ல வடிகட்டாம ஊத்தியிருப்பானுங்க. தூசி போயி எஞ்சின் குழாய அடைச்சிருக்கும்."

தோல்துண்டில் வடிகட்டாமல் ஒரு நாளும் பெட்ரோல் ஊற்றியவனில்லை நான். அது உங்களுக்கும் தெரியும். மச்சான் என்னைத் திரும்பிப் பார்க்காமலே நடந்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை.

அதோடு விட்டிருந்தால், தெரியாமல் சொன்னீர்கள் என்று மறந்திருப்பேன். ஆனால் அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது உங்கள் பலகைக்குப் பக்கத்தில் கரியடுப்பு கனன்றுகொண்டிருந்தது. அதன்மேல் ஒரு தகட்டில் யாருடையதோ மாக்னெட்டோ சூடேறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டீர்கள். ஆக, தப்பு எங்கே என்று உங்களுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை மச்சானிடம் சொல்ல நாமகிரிப்பேட்டைக்கு ஒரு பஸ் கிடைக்கவில்லையா உங்களுக்கு?

"சூடு காட்டிப் பாக்காம ஒண்ணையும் வெளிய உடமாட்டாருங்க" என்று ஊர் இன்றும் உங்களைக் கொண்டாடுகிறது. அந்த நல்ல பேர் என் அக்காவின் உயிரில் வந்தது. என்றாவது வாய் திறப்பீர்கள் என்று காத்திருந்தேன். திறக்காமலே போய்விட்டீர்கள். உங்களை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதுமில்லை.

அக்கா மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன வாரம் ராசிபுரம் சந்தையில் அப்பாவோடு நின்றாள். ஜாடை அப்படியே அக்கா. யார் காட்டிக் கொடுத்தார்களோ, என்னைக் கண்டு "மாமா" என்று கூப்பிட வாயெடுத்தவள், முதலில் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் வாயை மூடிக்கொண்டாள்.