நான்காவது கோடு

சிகாகோ,
செப்டம்பர் 12

அன்புள்ள ஐலி அக்காவுக்கு,

நலம்தானே? அப்பா எப்படி இருக்கிறார்? நீ பின்னி அனுப்பிய கம்பளிக் காலுறைகள் வந்து சேர்ந்தன. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. இருந்தாலும் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

போனில் சொல்ல வாய் வரவில்லை. என்னைக் கேப்டன் ஆக்கப்போகிறார்கள். உடனே பக்கத்து வீட்டு மிர்னாவிடம் சொல்ல ஓடிவிடாதே, முழுவதும் படி. பெரிய கம்பெனிகள் எங்கள் கேப்டன்களை இழுத்துக்கொண்டு போய்விட்டன. எங்களைப் போன்ற சின்ன விமானக் கம்பெனியில் வலது பக்கம் உட்காரத் துணை விமானிகள் இருக்கிறோம். இடது பக்கம் உட்கார ஆள் இல்லை. அதனால் போதிய அனுபவம் உள்ள துணை விமானி ஒவ்வொருவனும் கேப்டன் பயிற்சிக்குப் போயே ஆக வேண்டும், மறுத்தால் வேலை இல்லை என்று உத்தரவு.

மேலதிகாரி கான்ட்னரைப் போய்ப் பார்த்தேன்.

"எனக்கு இது வேணாங்க," என்றேன்.

"உனக்கென்னப்பா வலிக்குது? சட்டைத் தோள்ல மூணு கோடு இருக்கு, நாலாவது சும்மா வருது."

"எங்கப்பாவுக்கு உடம்பு முடியல. இப்ப வாரக் கடைசியில லீவு கிடைக்குது, ஊருக்குப் போய்ப் பாத்துக்கிறேன். கேப்டன் ஆனா அது போயிடும்."

"ரௌனோ, இது உன் இஷ்டத்தைக் கேக்கிற காகிதம் இல்ல," என்று அதை என் பக்கமே தள்ளிவிட்டார்.

துணை விமானிகளின் பணிமூப்பு வரிசையில் நான் முன்னால் இருப்பவன். எந்த நாள் வேலை, எந்த நாள் விடுப்பு என்பதை நானே எடுத்துக்கொள்வேன். கேப்டன் ஆனால் அவர்கள் வரிசையில் கடைசி ஆள். எந்த ஊரில் போடுகிறார்களோ அங்கே கிடந்து, கூப்பிட்டால் ஓட வேண்டும். இதற்குப் பெயர் பதவி உயர்வு.

இன்னொன்று, உனக்கு மட்டும். எனக்கு வலது பக்கம்தான் பிடித்திருக்கிறது. நன்றாகவே ஓட்டுகிறேன். ஆனால் இறங்கலாமா, வேண்டாமா என்பதை இன்னொருவர் சொல்வதில் ஒரு நிம்மதி இருக்கிறது. நாற்பது வயதில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்புத் தம்பி,
ரௌனோ

---

ஹான்காக்,
செப்டம்பர் 20

அன்புள்ள ரௌனோ,

நீ சொல்ல வேண்டாம் என்று எழுதவில்லையே, அதனால் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். காது சுத்தமாகப் போன பிறகு அவருக்கு எதையும் பலகையில் சாக்கட்டியால்தான் எழுதிக் காட்டுகிறேன். படித்துவிட்டு, "கேப்டனா? இருட்டுன்னா சௌனா நீராவிக் குளியலுக்குத் தனியா போகாத பயலா?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கக் கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு தபால்காரர் வரும்வரை ஜன்னலிலேயே உட்கார்ந்திருந்து, அவரைக் கூப்பிட்டுச் சொன்னார். இருபத்தாறு வருடம் இந்த ஊர் ஓடுதளத்தில் பனி தள்ளியவர் அல்லவா! "இனிமே ஓரம் ஒழுங்கா தள்ளச் சொல்லு, என் பையன் இறங்குவான்" என்றாராம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதயம் பலவீனமாகி அவருக்குக் கால் இரண்டும் நீர் கோத்துக்கொண்டு கனக்கின்றன. பள்ளிச் சமையலறையில் நின்றுவிட்டு வந்து என்னால் தனியாகத் தூக்க முடியவில்லை. சனிக்கிழமை நீ வந்து சௌனா அடுப்பை மூட்டி அவரைக் குளிப்பாட்டும் அந்த இரண்டு மணி நேரம்தான் நான் வாரத்தில் நிம்மதியாகத் தூங்குவது. அதையும் கம்பெனி எடுத்துக்கொள்கிறதா? வேலையை விட்டுவிடக் கூடாதா என்று கேட்க நினைத்தேன். விட்டுவிட்டு நீ என்ன செய்வாய் என்றும் தெரியவில்லை. கேட்டதாக நினைக்காதே.

காலுறை இரண்டும் ஒரே அளவுதான். உன் கால்தான் ஒன்று பெரிது.

அன்புடன்,
அக்கா

---

ஹூஸ்டன்,
டிசம்பர் 18

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. பயிற்சி முடிந்து நான்கு கோடு போட்டுவிட்டேன். படம் வைத்திருக்கிறேன், அப்பாவிடம் கொடு. முகம் அப்படி இருப்பதற்குக் காரணம் வெயில் என்று சொல்.

இங்கே விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஆறு விமானிகள் சேர்ந்து ஒரு வீடு. குளிர்சாதனப் பெட்டியில் ஆளுக்கு ஒரு தட்டு. என் தட்டில் பால் மட்டும் இருக்கிறது. அழைப்பு வந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போய் நிற்க வேண்டும். வராவிட்டால் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். பெரும்பாலும் வருவதில்லை. ஆள் இல்லை என்று அடித்துப் பிடித்துக் கேப்டன் ஆக்கினார்கள்; ஆக்கிய பிறகு அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். பறக்கும் நேரம் ஏறவே மாட்டேன் என்கிறது.

முதல் நாள் இடது பக்கம் உட்கார்ந்ததும், பழக்கத்தில் கேப்டன் என்ன சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அங்கே இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு விடுப்பு இல்லை. கேட்டதற்கு, வரிசையில் எனக்கு முன்னால் எண்பது பேர் என்றார்கள். அப்பாவிடம் வேறு ஏதாவது எழுதிக் காட்டு.

உன்,
ரௌனோ

---

ஹான்காக்,
ஜனவரி 30

ரௌனோ,

வேறு என்னத்தை எழுதிக் காட்டுவது? "வேலை" என்று ஒரு சொல்லை எழுதினேன். "கேப்டன்னா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டார். படத்தை மருந்துப் புட்டிகளுக்கு நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறார்.

நேற்று வந்த நர்ஸ் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "வர வேண்டியவங்களை வரச் சொல்லுங்கம்மா" என்றாள். மீன் சூப் இரண்டு கரண்டி உள்ளே போகிறது, அவ்வளவுதான். மூச்சு வாங்குவதால் சாய்ந்தபடியே தூங்குகிறார். நீ வருவாயா என்று அவர் என்னைக் கேட்பதில்லை. மாலை விமானம் வரும் நேரத்துக்கு என் முகத்தைப் பார்க்கிறார். அவருக்குக் கேட்காது, எனக்குக் கேட்டதா என்று பார்க்கிறார்.

நான் குறை சொல்வதற்கு எழுதவில்லை. வா.

ஐலி

---

ஹான்காக்,
பிப்ரவரி 21

ரௌனோ,

அப்பாவின் அடக்கத்தன்று நான் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கவனித்திருக்கிறார்கள். நீயும் கவனித்திருப்பாய். பேச வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

அன்று சிகாகோவிலிருந்து நீ போன் செய்து, அங்கே ஆள் குறைவென்று உன்னை அனுப்பியிருக்கிறார்கள், அன்று மாலை ஹான்காக் விமானத்தை நீயே ஓட்டி வருகிறாய் என்று சொன்னாய். அப்பாவிடம் எழுதிக் காட்டினேன். முதுகில் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார்த்தச் சொன்னார். வெளியே ஏரியிலிருந்து மூடுபனி வந்து அப்பியிருந்தது, தெருவிளக்கே தெரியவில்லை. ஆனால் சத்தம் கேட்டது. கூரைக்கு மேலே, தாழ்வாக, மேற்கே இறங்கிற்று. அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் பலகையை எடுத்து "இறங்கிவிட்டான்" என்று எழுதினேன்.

"ரன்வேயில பனியத் தள்ளிட்டாங்களாமா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். நீலச் சட்டையைப் போட்டுவிடச் சொன்னார், தலை வாரிவிடச் சொன்னார். அதற்குள் சத்தம் திரும்பவும் எழுந்து பெரிதாகி, தூரத்தில் போயிற்று. சீப்பு என் கையில் இருந்தது.

பிறகு வெகுதூரம் தெற்கே கிரீன் பேயில் இறங்கிவிட்டேன், கார் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று நீ சொன்னாய். "வா" என்று மட்டும் சொன்னேன். பலகையில் எழுதியதை அழிக்க எனக்குக் கை வரவில்லை. அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் ஆக ஆக, எனக்கு ஆறுதல் சொல்வதுபோல, "கேப்டன் எல்லாரையும் எறக்கிவிட்டுட்டுக் கடைசியாத்தான்டி வருவான்" என்றார். கண் மூடும்வரை அப்படியேதான். நீ விடிந்து வந்து சேர்ந்தாய்.

இதோடு போயிருந்தால் பனி, விதி என்று விட்டிருப்பேன். மிர்னா அடக்கத்துக்கு வந்து சொன்னாள். மதியம் வர வேண்டிய விமானம் தாமதமாகி, நீ திரும்பிப் போன பிறகு அதே பனியில் அவள் வந்து இறங்கியிருக்கிறாள். "எனக்கு ஒண்ணுமே தெரியல ஐலி, திடீர்னு சக்கரம் தரையில பட்டுச்சு" என்றாள்.

அவள் இறங்கினாள். நீ ஏன் இறங்கவில்லை?

ஐலி

---

சிகாகோ,
பிப்ரவரி 27

அன்புள்ள அக்கா,

நீ கேட்பாய் என்று தெரியும். மிர்னா வந்த விமானத்தில் நானும் இடம் கேட்டேன், நிரம்பிவிட்டது. மாலை விமானத்துக்குக் கேப்டன் இல்லை, நான் எடுக்காவிட்டால் ரத்து. அதனால் ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன்.

மூடுபனியில் இறங்கும்போது ஒரு உயரம் வரை கருவிகளை நம்பி வரலாம். அதற்குள் ஓடுதளத்தின் விளக்கு கண்ணில் பட வேண்டும். படாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும். நம் ஊரில் அது இருநூறு அடி. ஆனால் கேப்டனாகி நூறு மணி நேரம் ஓட்டி முடிக்காதவனுக்கு முந்நூறு. எனக்கு எழுபதுகூட ஆகவில்லை. அன்று மேகத்தின் அடிப்பக்கம் இருந்தது இருநூற்றைம்பது அடியில்.

மிர்னாவின் விமானத்தை ஓட்டியவர் வான்ஸ், இருபது வருடக் கேப்டன். அவருக்கு அது சாதாரண மாலை. நான் பழையபடி துணை விமானியாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருந்தால் நானும் இறங்கியிருப்பேன், அக்கா. 

மேகம் கொஞ்சம் கலையலாம் என்று நம்பித்தான் புறப்பட்டேன். முந்நூறில் வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை. பக்கத்தில் டெல்ஃபின் என்ற பெண். எதற்காக வருகிறேன் என்று அவளுக்குத் தெரியும். என்னைப் பார்த்தாள். இன்னும் ஐம்பது அடி கீழே போயிருக்கலாம். பின்னால் நாற்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள், அவர்களை நினைத்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். நினைக்கவில்லை. எதையும் நினைக்கவில்லை. கை தானாக என்ஜின் விசையை முன்னே தள்ளி விமானத்தை மேலே ஏற்றிவிட்டது. ஏறும்போது டெல்ஃபின், "கேப்டன், கீழ ஏதோ வெளிச்சம் மாதிரி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

திரும்ப ஒருமுறை முயன்றிருக்கலாமே என்பாய். வானிலைக் குறிப்பு மோசமாகிக்கொண்டிருந்தது, எரிபொருளும் கிரீன் பே போகத்தான் போதும். வேலைக்குத் திரும்பிய அன்று கான்ட்னர் தோளில் தட்டி, "நல்ல கேப்டன் செய்யிறதைச் செஞ்ச" என்றார். அவரை அடிக்காமல் வெளியே வந்ததுதான் நான் அன்று செய்த பெரிய காரியம்.

நீ பலகையில் எழுதியது பொய் இல்லை, அக்கா. கொஞ்சம் முந்திக்கொண்டாய், அவ்வளவுதான்.

ரௌனோ

---

ஹான்காக்,
மார்ச் 15

ரௌனோ,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நீ செய்தது சரி. கடையில் யாராவது வேறு மாதிரிப் பேசினால் முதலில் சண்டைக்குப் போகிறவள் நான்தான்; போன வாரம் போகவும் செய்தேன்.

ஆனால் உன்னை நினைத்தால் கதவைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முகம்தான் வருகிறது. சாகப்போகிற மனுஷனிடம் பொய் சொன்னேன், அவர் அதை நம்பிச் சட்டை மாற்றிக்கொண்டார். முந்திக்கொண்டேன் என்று நீ எழுதியிருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தப்பு உன்னுடையது இல்லை. என்னுடையதும் இல்லை என்று போதகர் சொல்கிறார். யாருடையதும் இல்லாத ஒன்றை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது? மாலை விமானம் வரும் நேரத்தில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிறேன், கழுவ ஒன்றும் இல்லாவிட்டாலும்.

கொஞ்ச காலம் எழுதாதே. வராதே. எவ்வளவு காலம் என்று கேட்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

ஐலி

---

ஹான்காக், விமான நிலைய விடுதி,
மே 6

அக்கா,

எழுதாதே என்றாய். இது ஒன்றுதான்.

போன மாதம் எனக்கு நூறு மணி நேரம் முடிந்தது, இனி எனக்கும் இருநூறு அடிதான். நேற்று ஹான்காக் விமானத்தை எனக்குக் கொடுத்தார்கள். ஏரிப் பனி, மேகம் அன்றைப் போலவே. இருநூற்றைம்பதில் விளக்குகள் தெரிந்தன, இறங்கினேன். எல்லோரும் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு அம்மாள் மட்டும் நன்றி சொன்னாள்.

பனி விலகிய பிறகு, இரவில் நம் தெருவுக்கு வந்தேன். நீ சமையலறையில் நின்றிருந்தாய். முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டிருக்கிறாய். மிர்னா பார்த்துவிட்டு, "இங்கேயே ஏன்டா நிக்கிற, உள்ள போ" என்றாள். "அவ கூப்பிடட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவளைக் கோபிக்காதே, சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன்.

காலை விமானத்தில் போகிறேன். இனி நீ எழுதும்வரை எழுதமாட்டேன்.

பக்கவாசல் படியில் இரண்டாவது பலகை உளுத்துப் போயிருக்கிறது, தெருவிளக்கு வெளிச்சத்திலேயே தெரிகிறது. விறகு சுமந்துகொண்டு அதில் கால் வைக்காதே. யாரையாவது கூப்பிட்டு மாற்றிவிடு.

ரௌனோ