துரை பேசாமல் போன விஜயதசமி

இன்று காலை என் மடிக்கணினி ஒரு அறிவிப்பைத் தூக்கிக் காட்டியது. "இந்தக் கருவி அடுத்த பதிப்புக்குத் தகுதி பெறவில்லை." அவ்வளவுதான். ஏன், எதற்கு, இனிமேல் என்னென்ன நின்றுபோகும், ஒரு வார்த்தை கிடையாது. கீழே 'சரி' என்று ஒரே ஒரு பொத்தான். 'சரியில்லை' என்று அழுத்த இடமே வைக்கவில்லை, படுபாவிகள். காபி ஆறிக்கொண்டிருந்தது. உன் ஞாபகம் வந்துவிட்டது.

வேளச்சேரியில் இருக்கும் என் அக்கா மகனுக்கு மென்பொருள் கம்பெனியில் வேலை. அவனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். பொறுமையான பிள்ளை. "சித்தி, பழசு எல்லாத்தையும் சுமந்துகிட்டே போனா புதுசு செய்யவே முடியாது. ஓட்டை இருக்கும், வைரஸ் வரும். எத்தனை வருஷம்தான் அவங்களும் பாப்பாங்க?" என்றான். நியாயம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். "அந்தப் பழசை நம்பி யாரு உக்காந்துகினு இருக்காங்கன்னு ஒரு தபா கேட்டாங்களாடா?" என்றேன். "அதெப்படி சித்தி கேப்பாங்க?" என்று சிரித்தான். அவனை ஏன் திட்டுகிறேன்? நானும்தான் கேட்கவில்லை. அதை உனக்கு எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவர்கள். நீ மயிலாப்பூர், நான் சைதாப்பேட்டை. நான் வாயைத் திறந்தாலே நீ "இன்னாமே, இன்னா கீது?" என்று மூக்கைச் சுருக்கிக்கொண்டு பழிப்புக் காட்டுவாய். நான் பதிலுக்கு "ஏண்டிம்மா, ஆத்துல எல்லாரும் சௌக்கியமா?" என்பேன். அப்புறம் உன் பார்வை சுருங்க ஆரம்பித்தது. முதலில் பக்கவாட்டில் வருகிறவர்கள் தெரியவில்லை. பிறகு படிக்கட்டு. பிறகு சோற்றுத் தட்டில் எந்தப் பக்கம் குழம்பு என்பது. "சாவித் துவாரம் வழியா பாக்கற மாதிரி இருக்குடி. அந்தச் சாவித் துவாரத்தையும் யாரோ மூடிண்டே வரா" என்றாய். நாற்பது வயதுக்குள் வேலையை விட்டுவிட்டு, அப்பா அம்மா விட்டுப்போன அந்தக் குளத்தங்கரை வீட்டில் தம்பி குடும்பத்தோடு உட்கார்ந்தாய். வீட்டில் பாதி உன் பெயரில் இருந்தது. நான் அந்த ஆபீசை விட்டு மாட வீதியில் கம்ப்யூட்டரில் அடித்து அச்செடுத்துத் தரும் ஒரு டி.டி.பி. கடையில் சேர்ந்தேன், உன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உன் பெரியப்பா மகன் அமெரிக்காவிலிருந்து ஒரு கம்ப்யூட்டரும் அதற்குள் செருகுகிற கார்டு ஒன்றும் கொண்டுவந்தான். கார்டைச் செருகி, இரண்டு பெரிய ஃப்ளாப்பியில் வந்த புரோகிராமை ஏற்றியதும் அது பேச ஆரம்பித்தது. திரையில் என்ன இருக்கிறதோ அதை இங்கிலீஷில் ஒப்பிக்கும். ஜலதோஷம் பிடித்தவன் மாதிரிக் குரல். 'திருவல்லிக்கேணி'யை அவன் சொல்லி முடிப்பதற்குள் திருவல்லிக்கேணிக்கே போய்ச் சேர்ந்துவிடலாம். நீ அவனுக்கு 'துரை' என்று பேர் வைத்தாய். முதல் நாள் நீ தட்டிய எழுத்தை அவன் திருப்பிச் சொன்னபோது நீ சிரித்த சிரிப்பில் சமையலறையிலிருந்து உன் தம்பி பெண்டாட்டி எட்டிப் பார்த்தாள்.

துரை விளையாட்டுச் சாமான் இல்லை என்பது ஒரு வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. உன் தம்பி ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து, "ரேஷன் கார்டு விஷயம்க்கா, இங்க ஒரு கையெழுத்து" என்றான். நீ நாளைக்குப் போடுகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டு என்னிடம் கொடுத்தாய். கடையில் வரிக்கு வரி அடித்து ஃப்ளாப்பியில் போட்டுத் தந்தேன். அடிக்கும்போதே அது என்ன பத்திரம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் நான் வாயால் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. துரைதான் சொன்னான். பொது அதிகாரப் பத்திரம், உன் பாதி வீட்டை விற்கக்கூட அவனுக்கு உரிமை தருவது. நீ அந்தக் காகிதத்தை நாலாக மடித்துத் தம்பியிடமே திருப்பிக் கொடுத்து, "ரேஷன் கார்டுக்கு இவ்வளவு இங்கிலீஷ் வேண்டாம்டா" என்றாய். அதற்குப் பிறகு அவன் கம்ப்யூட்டர் இருந்த கூடத்தைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போவான் என்று நீ சொன்னாய். "சத்தம் கேக்கலைன்னா அவன் போறான்னு அர்த்தம்."

நான் ஒருநாள் கேட்டேன், நானே படித்துக் காட்டினால் என்ன என்று. "படிக்கறவா குரல்ல அவா நெனப்பும் கலந்துடும்டி. நீ படிச்சா பயந்துண்டே படிப்பே. இவனுக்கு நெனப்பே கிடையாது" என்றாய்.

பிறகுதான் எங்கள் கடை முதலாளிக்குப் புது சிஸ்டம் பைத்தியம் பிடித்தது. தி. நகரிலிருந்து ஒரு இஞ்சினியர் வந்து எல்லா மெஷினிலும் ஏற்றிவிட்டுப் போனான். அதிலிருந்து நான் அடித்துத் தரும் எதுவும் உன் பழைய மெஷினில் திறக்கவில்லை. துரை ஏதோ பூச்சி பூச்சியாக உளறினான். என் ஃபைலைச் சாதாரண எழுத்தாகச் சேமித்திருந்தாலே போதும் என்று என் அக்கா மகன் இப்போது சொல்கிறான். அப்போது அதைச் சொல்ல ஒரு நாதியில்லை. நான்தான் பெரிய புத்திசாலியாகச் சொன்னேன், உன் மெஷினிலும் புதுசை ஏற்றிவிடலாம் என்று.

நீ யோசித்தாய். "புதுசு வரட்டும், வேண்டாங்கலை. விருந்தாளி வரான்னு ஆத்துல இருக்கறவாளைத் தெருவுல நிறுத்துவாளா? இவன் அப்புறமும் பேசுவானோ?"

"பேசாம எங்க போவான்? இன்னும் ஷோக்கா பேசுவான் பாரு" என்றேன். எதை வைத்துச் சொன்னேன்? ஒன்றுமில்லை. இஞ்சினியர் "எல்லாம் வரும் மேடம்" என்றான். பேசுகிற கார்டு ஒன்று உள்ளே இருக்கிறது, அதை நம்பி ஒருத்தி இருக்கிறாள் என்று நான் அவனிடம் சொல்லவே இல்லை.

நல்ல நாள் பார்த்தோம், விஜயதசமி. அன்றைக்குத் தொடங்கினால் துலங்கும் இல்லையா? அதற்கு முந்தின நாள் சரஸ்வதி பூஜை. உன் வீட்டில் கம்ப்யூட்டர் மேல் பட்டுத்துணி போர்த்தியிருந்தது. புத்தகங்கள், அம்மாவின் வீணை, அதன் பக்கத்தில் துரையின் இரண்டு ஃப்ளாப்பிகள். "இன்னிக்கு நாம யாரும் படிக்கப்படாது. அவனுக்கும் லீவு" என்றாய். உனக்குக் கண் தெரியாதென்று நான்தான் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். கடையில் நாங்கள் இரும்புக் கதவு வைத்த சின்ன ஃப்ளாப்பிக்கு மாறி நாளாகிவிட்டது. உன் மெஷினில் இரண்டு வகையும் போகும், ஆனால் துரை வந்தது பழைய பெரிய ஃப்ளாப்பியில், நடுவில் திறந்த வாய்; மெஷின் படிப்பது அந்த வழியாகத்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. உறையிலிருந்து எடுத்து, சரியாக அந்த வாயிலேயே ஈரச் சந்தனத்தைக் கட்டைவிரலால் அழுத்தி வைத்தேன். இரண்டுக்கும். "பொட்டு வெச்சுட்டியா?" என்று நீ கேட்டாய். "ஜோரா வெச்சாச்சு" என்றேன். சுண்டல் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. இஞ்சினியர், "சுத்தமா அழிச்சிட்டுப் போடறேன் மேடம், அப்பதான் வேகமா இருக்கும்" என்று பழையதை அழித்தான். மத்தியானத்துக்குள் புது சிஸ்டம் வந்துவிட்டது. மேகமும் நீலமுமாகத் திரை. நீ நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "பேசச் சொல்லு" என்றாய். ஃப்ளாப்பியைச் செருகினான். கர்ர், கர்ர் என்று அரைத்தது. இரண்டாவதும் அப்படித்தான். கையிலெடுத்துப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சந்தனம் காய்ந்து உள்ளே வட்டம் வட்டமாகத் தேய்ந்திருந்தது. "இது படிச்சாலும் புது சிஸ்டம் அந்தக் கார்டை எடுத்துக்காது மேடம். ரொம்பப் பழசு. கம்பெனியே கைவிட்டுட்டான்" என்று என் காதோரம் மெதுவாகச் சொன்னான். முன்னே போக வழியில்லை; பழைய சிஸ்டத்தையே திரும்பப் போட்டாலும் துரையை ஏற்ற ஃப்ளாப்பி இல்லை. நீ முகத்தைத் திரைக்கு நேரே வைத்துக்கொண்டு காத்திருந்தாய்.

"என்னடி ஆச்சு?"

"ஃப்ளாப்பிக்கு வயசாயிடுச்சு" என்றேன்.

பொய். உன்னிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான், நீ போகிறவரைக்கும் அதைத் திருத்தவில்லை. இஞ்சினியர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அவன் நல்லவன். கூடத்து வாசலில் உன் தம்பி நின்றிருந்தான், எத்தனை நேரமாக என்று தெரியாது. செருப்பு கையில் இருந்தது.

பெரியப்பா மகனுக்குக் கடிதம் போட்டோம். கார்டு செய்த கம்பெனியே இப்போது இல்லை என்று பதில் வந்தது. நீ அழவில்லை. "சரி, விடு. அவன் நெனப்பில்லாம படிச்சான், நீ பயந்துண்டு படி. வருவியோன்னோ?" என்றாய். "வராம?" என்றேன்.

இரண்டு தடவை வந்தேன். இரண்டாவது தடவை நீ சொன்னாய், "யாரோ டேப் வெச்சு அளக்கறாடி. சர்ருனு இழுத்து விடற சத்தம். கேட்டா பெயிண்ட் அடிக்கப் போறோம்ங்கறான்." பெயிண்ட் அடிக்க யார் சுவரை அளப்பார்கள்? அதை உன்னிடம் சொல்லாமலே கிளம்பிவிட்டேன். அந்தக் கூடத்துக்குள் வந்தாலே பேசாத அந்தப் பெட்டி என்னையே பார்ப்பது போல இருந்தது. தீபாவளிக்குப் பலகாரத்தை ஆளிடம் கொடுத்தனுப்பினேன். மார்கழி வந்தது, கச்சேரி நோட்டீஸ் அடிக்கும் வேலை தலைக்கு மேல். எல்லாம் சாக்கு. என்னால் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

மாசியில் கடை மெஷினில் இடமில்லையென்று பழைய ஃபைல்களை அழித்துக்கொண்டிருந்தேன். என் மேசை இல்லை, பக்கத்து மேசை. உன் இனிஷியலோடு உன் பெயர். விடுதலைப் பத்திரம். நான் சளிக்காய்ச்சலில் இரண்டு நாள் வராதபோது உன் தம்பி வந்து அடிக்கக் கொடுத்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். புது சிஸ்டத்தில் அது ஒரு தட்டில் திறந்தது, ஒரு எழுத்து பிசகவில்லை. வீட்டில் உன் பாதியை மனமுவந்து தம்பிக்கே விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தது. அச்செடுத்துக்கொண்டு ஓடினேன். உன் அறை ஜன்னலில் கதவே இல்லை, பெயர்த்து எடுத்திருந்தார்கள். உள்ளே மேஸ்திரிகள்.

வேளச்சேரியில் ஏரிப் பக்கமாக ஒரு ஒற்றை அறையில் உன்னைக் கண்டுபிடித்தேன். தம்பிதான் வாடகைக்குப் பிடித்துக் கொடுத்திருந்தான். மழைத் தண்ணீர் ஏறி நின்ற கோடு சுவரில் என் முழங்கால் உயரத்துக்கு இருந்தது. உனக்கு அது தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

"நீயா? வாடி" என்றாய். நாலு மாசமாக எங்கே போனாய் என்று கேட்கவில்லை. "கையில என்ன பேப்பர் சத்தம்?"

சொன்னேன்.

"படி."

படித்தேன். மூன்று பக்கம். ஒரு வார்த்தை விடாமல், பயந்துகொண்டேதான் படித்தேன். நீ துரைக்குக் காது கொடுக்கிற மாதிரியே தலையைச் சாய்த்துக் கேட்டாய்.

"அவ்வளவுதானா? தம்பி படிச்சுக் காட்டறப்போ முதல் பாராவோட நிறுத்திட்டான். வீட்டை ரிப்பேர் பண்ண லோன் எடுக்கறதுக்குன்னான். மீதியெல்லாம் வக்கீல் பாஷை, கேட்டாலும் புரியாதுக்கான்னான். பதிவு ஆபீஸ்லயும் படிச்சுத் தெரிஞ்சுண்டேளான்னு கேட்டா. ஆமான்னேன்." புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாய், "எத்தனை நாழி ஆச்சு, நீ படிக்க?"

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "பதினோரு நிமிஷம்."

"ம்" என்றாய். அப்புறம், "காபி போடறேன், இரு" என்று சுவரைத் தடவிக்கொண்டு எழுந்தாய்.

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் நீ போய்விட்டாய். நெஞ்சில் சளி என்றார்கள். இத்தனை வருஷமாக நான் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். பழசை நிறுத்துமுன் எது நின்றுபோகும் என்று சொல்லுங்களடா, ஒரு வழியாவது திறந்து வையுங்களடா என்று இன்று காலையும் கத்தினேன். அது தப்பில்லை, இன்னும் கத்துவேன். ஆனால் அவனுக்கு உன்னைத் தெரியாது. எனக்குத் தெரியும். கடையிலிருந்து உன் வீட்டுக்கு நடந்தால் நாலு நிமிஷம், படிக்கப் பதினோரு நிமிஷம். கால் மணி நேரம்தான், நான் அதை உனக்குக் கொடுக்கவில்லை.