சஹனைச் சுற்றி ஆறாவது இடம்

என் அன்புக் காக்கா,

புத்தளத்து மண்ணுக்குள் உறங்கும் உங்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து தம்பியின் ஸலாம்.

தொண்ணூறில், முஸ்லிம்கள் என்பதற்காக நம்மைப் பிறந்த ஊரிலிருந்து உடுத்த துணியோடு துரத்தியது அநியாயம். அதை நான் மெதுவாகச் சொல்ல மாட்டேன். திரும்பி வந்த நம் பிள்ளைகளிடம், பெயரைக் கேட்டதும் அறையை நேற்றே கொடுத்துவிட்டோம் என்று படலையைச் சாத்துவது இரண்டாவது அநியாயம். முதலாவதன் கையில் துவக்கு இருந்தது. இரண்டாவது சிரித்த முகத்தோடு வருகிறது.

ஆகவே இங்கே இருக்கும் உங்கள் பழைய வீட்டை அவர்களுக்குத் திறந்துவிட்டேன். உங்கள் மகன் நௌபர் அதை விற்றுவிடுவோம் என்று போனில் நச்சரித்துக்கொண்டிருந்தான். புத்தளத்திலேயே வீடு கட்டி, அங்கேயே பெண் எடுத்தவன். அவனை முழுதாகக் குறை சொல்ல முடியுமா?

"ஆர் சாச்சா அங்க இருக்கப் போறது?" என்றான்.

பெருநாள்வரை பொறு, ஆட்களைக் காட்டுகிறேன் என்றேன். அதற்குள் வீடு நிறைந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் இடித்துக் கடை கட்ட ஒருவர் காத்திருக்கிறார்.

மிஞ்சிய சுவர்களுக்குக் கூரை போட்டோம். ஐந்து பிள்ளைகள் குடிவந்தார்கள். ஒருவன் வங்கியில், ஒருவன் போன் திருத்தும் கடையில், ரிஸ்வான் பல்கலைக்கழகத்தில். எல்லோரும் அகதி முகாமில் பிறந்தவர்கள். மாலையில் நம் மற்ற இளம் பிள்ளைகளும் வந்து கூடுகிறார்கள். படிக்கிறார்கள், வேலை தேடுகிறார்கள், காரணமில்லாமல் சத்தம் போடுகிறார்கள். அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்கிறதா?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் சஹன் வைப்பது என்று அவர்களே முடிவெடுத்தார்கள். ஒரு பெரிய தட்டு, சுற்றி ஆறு பேர். வீட்டில் ஐவர்தானே? ஆறாவது இடத்துக்கு வாரம் ஒருவரை வெளியிலிருந்து அழைப்பார்கள். முதல் வாரம் என்னை அழைத்தார்கள். அடுத்த வாரம், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், மதிலுக்கு அப்பால் இருக்கும் சிவத்தை. நம்மோடு பந்தடித்த அதே சிவம், காக்கா.

அவர் குளித்து, திருநீறு பூசி வந்தார். மூடியைத் திறந்தார்கள். சோற்றுக்கு மேல் முழுக் கோழி.

"தம்பியவை, இண்டைக்கு வெள்ளி. நான் மச்சம் தொடமாட்டன்," என்றார். தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். முகத்தில் கோபமில்லை. அதுதான் பிள்ளைகளைச் சுட்டது.

நமக்குச் சிறப்பான நாள் அவர்களுக்கு மரக்கறி நாள். நீங்களும் நானும் இதை யாரிடம் படித்தோம்? வெள்ளிக்கிழமை அவர் வீட்டுப் பக்கம் மீன்காரர் கூவாமல் போவதைப் பார்த்து வளர்ந்தோம். இந்தப் பிள்ளைகளை அதைப் பார்க்க யார் விட்டார்கள்? இந்தப் பிழையையும் துரத்தியவர்களின் கணக்கில்தான் எழுதுவேன்.

ரிஸ்வான் உடுப்புகளைப் பையில் அடுக்கத் தொடங்கினான்.

"பக்கத்து வீட்டாளுக்கு என்ன வைக்கிறதெண்டே எங்களுக்குத் தெரியாது. இது எங்கட ஊர் இல்ல சாச்சா. நான் போறன்."

ஒருவன் போனால் மற்றவர்களும் போவார்கள். வீடும் போகும். நான் ஆறுதல் சொல்லவில்லை. போவதென்றால் போ, அதற்கு முன் மதிலுக்கு அங்கால் போய் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டுவிட்டுப் போ என்றேன். போனவன் நெடுநேரம் கழித்துக் கை நிறையக் கத்தரிக்காயோடு வந்தான். பை கட்டிலிலேயே கிடந்தது.

அடுத்த வெள்ளி, புதுச் சட்டிகளில் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, அப்பளம். போன் கடைக்காரன் மட்டும் இது சஹனா, அன்னதானமா என்று முணுமுணுத்தான். சிவம் கையில் ஒரு வாழையிலையோடு வந்தார். வட்டத்தில் அமர்ந்தார், தன் பங்கை மட்டும் இலையில் வாங்கிக்கொண்டார். பலர் கை வைக்கும் தட்டில் உண்டு அவருக்குப் பழக்கமில்லை. எனக்கு விளங்குகிறது. விளங்குவது வேறு, பொறுப்பது வேறு.

நான் எதிரே கதிரையில் இருந்தேன். கேட்காமல் விடுவேனா?

"சிவம், நாங்கள் வெளிக்கிட்ட அண்டு நீர் எங்கை நிண்டனீர்?"

பிள்ளைகளின் கைகள் தட்டிலேயே நின்றன.

"படலைக்குப் பின்னாலை," என்றார். "நிண்டனான். திறக்கேல்லை."

பிறகு தலை குனிந்து மெதுவாகச் சாப்பிட்டார். சஹனில் கடைசி ஆள் முடிக்கும்வரை யாரும் எழும்புவதில்லை. அன்றும் யாரும் எழும்பவில்லை.

மன்னித்துவிட்டாயா என்று கேட்காதீர்கள். இல்லை. ஆனால் இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் பதில் அது.

இனி ஆகவேண்டியதைச் சொல்கிறேன். நௌபர் விற்கிற கதையை விட்டு, பெருநாளைக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இங்கே வர வேண்டும். வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் பெயரைக் கேட்கும் முன் அறையைக் காட்ட வேண்டும். பள்ளிவாசல் பெரியவர்கள், பொடியன்களின் கூத்து என்று முகம் சுளிப்பதை நிறுத்தி, இந்த வீட்டின் பாழ்கிணறு இறைக்க ஆள் அனுப்ப வேண்டும். நம்மைத் துரத்தியதற்கு இன்னும் நியாயம் சொல்கிறவர்கள் வாயை மூட வேண்டும். ரிஸ்வான் அந்தப் பையை அலுமாரிக்கு மேலே எறிய வேண்டும். சிவம் ஒரு வெள்ளிக்கிழமையாவது இலையை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும்.

அன்றைக்கு நான் கதிரையை விட்டு இறங்கி அவருக்குப் பக்கத்தில் இருப்பேன். ஏழு பேராகிவிடும். ஒதுங்கி இடம் விடுவோம். அதுவரை இந்த வீட்டுப் பூட்டின் திறப்பை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன், இது உங்களுக்கு என் வாக்கு.

உங்கள் சொல் கேளாத தம்பி,
காசீம்